பி-க்கு இன்னும் எட்டு ரீடிங்

அவரிடம் போய் யாரும், "இதைச் சாப்பிட்டேன், சளி போயிடுச்சு" என்று சொல்லிவிட முடியாது. கஷாயமோ, சூரணமோ, டாக்டர் கொடுத்த மாத்திரையோ, எதுவாக இருந்தாலும் அவருடைய கேள்வி ஒன்றுதான்.

"சாப்பிடாம இருந்திருந்தா எத்தனை நாள்ல போயிருக்கும்?"

சொன்னவர் விழிப்பார். "அது எப்படித் தெரியும் தாயி?"

"தெரியாதில்ல? அப்ப சாப்பிட்டதாலதான் போச்சுன்னும் தெரியாது. ஜாவு தே, விடு."

மராத்தியில் அக்காவைத் தாயி என்பார்கள். புனே பக்கம் போசரி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் நாங்கள் வேலை பார்த்த சின்ன மருந்து ஆராய்ச்சிக் கம்பெனியில் வாட்ச்மேன் முதல் முதலாளி வரை எல்லோருக்கும் அவர் தாயிதான். என்னைவிட மூன்று வயது மூத்தவர். அப்பா ராணுவத் தளவாடத் தொழிற்சாலை வேலைக்காக ராணிப்பேட்டையிலிருந்து வந்தவர். இவர் பிறந்ததும் படித்ததும் புனேயில். அதனால் தமிழும் ஹிந்தியும் மராத்தியும் ஒரே வாக்கியத்தில் முட்டிமோதிக்கொண்டு வரும். நான் ஈரோட்டுக்காரன். தமிழ் பேச ஓர் ஆள் இருக்கிறதே என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சிரித்துக்கொண்டு போய் நின்றேன். ஊர் எது, குடும்பம் எங்கே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ப்ளாங்க் போடற பழக்கம் உண்டா?" என்றுதான் கேட்டார். எனக்குக் கோபமாக வந்தது.

ப்ளாங்க் என்றால் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ஒரு மருந்தைச் சோதிக்கும்போது, பக்கத்திலேயே இன்னொரு குழியில் மற்றதெல்லாம் போட்டு அந்த மருந்தை மட்டும் போடாமல் விட வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டால்தான் மருந்து ஏதாவது செய்ததா என்று தெரியும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் அதை ஒரு நாளும் ஓர் இடத்திலும் மறக்காமல் வாழ்ந்த ஒரே ஆள் அவர்தான். அதனால்தான் அவருடைய வலது கண் போயிற்று.

எங்கள் கம்பெனிக்குச் சோறு போட்டது கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்கிற நொதி. ரத்தத்தில், சிறுநீரகத்தில், கண்ணில், நாக்கில்கூட அது இருக்கிறது. கரியமில வாயுவையும் தண்ணீரையும் சேர்த்து வைப்பது அதன் வேலை. கண்ணுக்குள் நீர் சுரப்பதும் அதன் தயவில்தான். அந்த நீர் சரியாக வடியாமல் தேங்கினால் அழுத்தம் ஏறிக் கண் நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். வலிக்காது, சிவக்காது, ஓரத்திலிருந்து பார்வை போய்க்கொண்டே இருக்கும். கிளாக்கோமா என்பது அதுதான். நொதியைக் கொஞ்சம் அடக்கி வைத்தால் நீர் சுரப்பது குறையும், அழுத்தமும் இறங்கும். அப்படி அடக்கக்கூடிய புதுப் புது மருந்துகளைச் செய்து பார்ப்பது எங்கள் தொழில். நான் செய்பவன், அவர் சோதிப்பவர். வேறு மாதிரி சொன்னால், நான் பெற்ற பிள்ளைகளை எல்லாம் உதவாக்கரை என்று எழுதிக் கொடுப்பதற்காகச் சம்பளம் வாங்கியவர் அவர்.

சோதனை பார்க்க அழகாக இருக்கும். நொதியோடு ஒரு திரவத்தைச் சேர்த்தால் மஞ்சளாகும். மருந்து நொதியை அடக்கிவிட்டால் மஞ்சள் வராது. தொண்ணூற்றாறு குழிகள் உள்ள உள்ளங்கையளவு பிளாஸ்டிக் தட்டில் பிப்பெட்டால் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டு போவார். கடைசி வரிசையில் எப்போதும் அசிட்டசோலமைடு, எல்லோருக்கும் தெரிந்த பழைய கிளாக்கோமா மருந்து. எங்கள் புது மருந்துகள் எல்லாம் அந்தக் கிழவனோடுதான் போட்டி போட்டுத் தோற்கும்.

ஒரு தடவை தோற்கவில்லை. நான் ஏழு மாதம் பாடுபட்டுச் செய்த ஒன்று கிழவனையே மிஞ்சிவிட்டது. தாயி லீவில் இருந்த வாரம் அது, வேறு ஒருவர் தட்டுப் போட்டிருந்தார். குழிகள் எல்லாம் தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தன. வீட்டில் சொல்லிவிட்டேன். ஈரோட்டுக்குப் போன் போட்டு அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை தாயி வந்து ரீடிங் எழுதிய காகிதத்தைப் பார்த்தார்.

"காய் ரே, கரைப்பான் மட்டும் விட்ட குழி எங்க?"

"அது எதுக்குங்க தாயி? வருசக் கணக்கா அதே கரைப்பான்தானுங்க."

நேராகப் போய்த் தட்டை எடுத்தார். என் மருந்தைக் கரைத்த அதே புட்டியிலிருந்து கரைப்பானை மட்டும், மருந்தில்லாமல் விட்டார். மஞ்சள் வரவில்லை. கிழவனைத் தொட்ட பிப்பெட் முனையை யாரோ கழற்றாமல் அந்தப் புட்டிக்குள் விட்டிருக்கிறார்கள். நொதியை அடக்கியது அந்த அசிட்டசோலமைடு. புதுப் புட்டி திறந்து செய்து பார்த்தபோது என் மருந்து போட்ட குழிகள் எல்லாம் சாமந்திப் பூவாக மஞ்சளித்துக் கிடந்தன.

ஒரு மாதம் நான் அவரோடு பேசவில்லை. கம்பெனி வேனில் சாங்வியில் அவர் ஏறும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். அவர் அதைப் பொருட்படுத்திய மாதிரியே தெரியவில்லை. ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, "உன் மேல கோவம் இல்ல, புட்டி மேலதான் கோவம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் அவர் ஒரு புது வழக்கம் கொண்டுவந்தார். ரீடிங் எடுப்பவர் ஒருவர், அதைச் சரிபார்ப்பவர் வேறொருவர். சரிபார்ப்பவருக்கு மருந்தின் பெயர் தெரியக் கூடாது. ஏ, பி, சி என்று எழுத்து மட்டும் இருக்கும். "பேர் தெரிஞ்சா மனசு ஒரு பக்கம் சாயும். உனக்குச் சாய்ஞ்சுது பாரு, அதுமாதிரி" என்றார். சரிபார்ப்பவர் கீழே தன் கருத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவருடைய ரீடிங்குகளுக்கு நான்தான் கையெழுத்து. மாமியாரும் மருமகளும் மாதிரி ஆறேழு வருடம் அப்படிக் குப்பை கொட்டினோம்.

கண் விஷயம் எப்படி ஆரம்பித்தது என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும். அப்பா அம்மா போன பிறகு சாங்வி வீட்டில் அவர் தனியாகத்தான் இருந்தார், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கண்ணாடி மாற்றப் பக்கத்துக் கண் கிளினிக்குக்குப் போனவரிடம் இரண்டு கண்ணிலும் அழுத்தம் அதிகம் என்றார்கள். நம்பவில்லை. மூன்று தடவை எடுக்கச் சொல்லியிருக்கிறார். டாக்டர் பொறுமைசாலி. சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து, முதலில் இடது கண்ணில் மட்டும் நாலு வாரம் விடுங்கள், இரண்டு கண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் இரண்டுக்கும் விடலாம் என்றிருக்கிறார். டாக்டர்கள் சிலர் அப்படிச் செய்வதுண்டாம். அந்தச் சொட்டு மருந்தும் எங்கள் நொதியை அடக்குகிற வகைதான்.

நாலு வாரம் கழித்து டாக்டர் இரண்டு கண்ணுக்கும் எழுதினார். தாயி மருந்தை வாங்கிக்கொண்டு வந்தார். இடது கண்ணுக்கு மட்டுமே விட்டார். நாலு ரீடிங்கை வைத்துக்கொண்டு அவர் எந்தக் காலத்தில் எதை நம்பியிருக்கிறார்? சனிக்கிழமைதோறும் கிளினிக்குக்குப் போய் மெஷினில் அழுத்தம் மட்டும் பார்த்துக்கொள்வார். மெஷின் பார்க்கும் பெண் ஒவ்வொரு வாரமும், "மேடம், டாக்டரைப் பார்த்துட்டுப் போங்க" என்பாளாம். "அடுத்த வாரம்" என்பாராம் இவர். வலது கண் அவருக்கு ப்ளாங்க்.

அந்தக் காலத்தில் அவரிடம் ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது. காலையில் வேனில் ஏறியதும் பையிலிருந்து எதையோ எடுத்து இடது கண்ணைத் துடைத்துக்கொள்கிற மாதிரி இருக்கும். பிறகு மூக்கை ஒட்டிய கண் ஓரத்தை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு இரண்டு நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருப்பார். தனியாக இருக்கிற மனுஷி, எதையோ நினைத்து அழுகிறார் என்று நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். மரியாதை கொடுக்கிறேனாம். விட்ட மருந்து மூக்கு வழியாக ரத்தத்துக்குப் போய் மற்றக் கண்ணைத் தொட்டுவிடக் கூடாது, ப்ளாங்க் கெட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த விரல்.

ஆறு மாதம் ஆகியிருக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். இரண்டு கோடுகள், ஏ என்றும் பி என்றும். கீழே வாரக் கணக்கு.

"என்னங்க தாயி இது, வாரக் கணக்குல? எலிச் சோதனையா?"

"கேக்காதே. பார்த்து எழுது."

பார்த்தேன். ஏ அழகாக இறங்கி ஓர் இடத்தில் நின்றிருந்தது. பி உயரத்திலேயே இருந்தது, ஆனால் ஒரு வாரம் ஏறியும் ஒரு வாரம் இறங்கியும் ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு மூன்று இடங்களில் ஏ-யின் பக்கத்திலேயே வந்துவிட்டிருந்தது.

"ஏ பக்காங்க. பி-தான் ஆடுது. இதை வச்சு வித்தியாசம் இவ்வளவுன்னு சொல்ல முடியாதுங்க."

"பக்காவா?"

"பக்காங்க."

"அப்ப எழுது."

எழுதினேன். பி-க்கு இன்னும் எட்டு ரீடிங் தேவை. கையெழுத்துப் போட்டேன். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அவருடைய வேலையில் ஓட்டை கண்டுபிடிக்கும் வாய்ப்பு ஆறேழு வருடத்தில் இரண்டு தடவை கிடைத்திருந்தால் அதிகம். அவர் நோட்டை மூடிக்கொண்டு, "டீக் ஹை" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். போகும்போது நாற்காலியில் இடித்துக்கொண்டார். வலது பக்கம்.

எட்டு ரீடிங் என்றால் எட்டு வாரம். அந்த எட்டும் ஆடியிருக்கிறது. நான் எழுதிய காரணம் அப்படியே இருந்ததால் இன்னும் எட்டு எடுத்திருக்கிறார். அப்புறம் இன்னும்.

அடுத்த வருடம் ஒரு நாள் லேப் போர்டில் அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. இந்த மாதம் நான் எடுத்த ரீடிங் எதையும் ரிப்போர்ட்டில் சேர்க்க வேண்டாம், ஒரே மருந்தின் இரண்டு குழிகளுக்கு நடுவே வித்தியாசம் அதிகமாக இருக்கிறது, என் கை சரியில்லை என்று எழுதியிருந்தார். தன் தப்பைத் தானே போர்டில் ஒட்டுகிற ஆளை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. லேபுக்குள் போனேன். பிப்பெட்டை வைத்துக்கொண்டு தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார். முனை குழிக்குள் போகவில்லை. விளிம்பில் பட்டுச் சொட்டு பக்கத்துக் குழியில் விழுந்தது. மறுபடி செய்தார். மறுபடி விளிம்பு.

"ஆழம் தெரியல" என்றார். "ரெண்டு கண்ணும் வேணும் இல்ல, ஆழம் தெரிய."

"கண்ணுக்கு என்னங்க ஆச்சு?"

ஒளித்துப் பேசத் தெரியாதவர். பிப்பெட்டைத் தாங்கியில் மாட்டிவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் சொன்னது, நாலு வாரம், சனிக்கிழமைகள், விரல். முந்தின வாரம்தான் டாக்டரைப் பார்த்திருக்கிறார். வலது கண்ணில் நடுவில் ஒரு ரூபாய்க் காசு அளவு மட்டும் மங்கலாகத் தெரிகிறதாம், அதுவும் நிற்காதாம். போன நரம்பு திரும்பாது. இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது இடது கண் எல்லாவற்றையும் நிரப்பிக் காட்டியதால் அவருக்குக் குறை எதுவும் தெரியவில்லை.

"உங்களுக்குத் தெரியாதுங்களா தாயி? எத்தனை வருசமா இந்த நொதியோடவே இருக்கீங்க."

"நொதி தெரியும். நரம்பு தெரியாது எனக்கு. டியூப்ல ப்ளாங்க்குக்கு ஒண்ணும் ஆகாதுப்பா. அது பாட்டுக்கு நிக்கும்."

அப்போதுதான் எனக்கு அந்த நோட்டு ஞாபகம் வந்தது. ஏ, பி, வாரக் கணக்கு. பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"என்கிட்ட காட்டினது இதுங்களா?"

"ஆமா."

"உங்க கண்ணுன்னு ஒரு வார்த்தை ஏனுங்க சொல்லல?"

"சொல்லியிருந்தா என்ன எழுதியிருப்ப?"

"உடனே நிறுத்துங்கன்னு எழுதியிருப்பேன்."

"அதான் சொல்லல" என்றார்.

கேட்டிருக்கக் கூடாது. அவரிடம் கேட்டால் உண்மைதான் வரும் என்று தெரிந்தே கேட்டேன். "நான் போதும்னு எழுதியிருந்தா நிறுத்தியிருப்பீங்களா?"

அவர் விரல் தானாகக் கண் ஓரத்துக்குப் போயிற்று.

"நிறுத்தியிருப்பேன். நிறுத்தலாமான்னு கேக்கத்தானே உன்கிட்ட கொண்டாந்தேன்." பிறகு தலையை முழுக்க என் பக்கம் திருப்பி, "ஆனா உன் ரிமார்க் கரெக்ட்தான். பி சரியில்ல. வேற யாரோடதாவது இருந்து நான் பார்த்திருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன்" என்றார்.

என்னைத் தேற்றுகிறார். அவருக்குத் தெரிந்த மிகப் பெரிய ஆறுதல் வார்த்தை அதுதான்.

இடது கண்ணைக் காப்பாற்றுவதற்குச் சொட்டு மருந்தோடு மாத்திரையும் கொடுத்தார்கள். அசிட்டசோலமைடு. "இருபது வருஷமா கடைசி வரிசையில உக்காத்தி வச்சேன், இப்ப எனக்குள்ள வந்து உக்காந்துட்டான்" என்று சொல்லிச் சிரித்தார். விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறதாம். அதையும் நோட்டில் குறித்து வைத்தார்.

லேபில் அவர் தட்டைத் தொடுவதை நிறுத்திவிட்டார். யாரும் போகச் சொல்லவில்லை. முதலாளி வேறு வேலை தருவதாகச் சொன்னார். ரீடிங் எடுக்காமல் இங்கே உட்கார்ந்து என்ன செய்ய என்று கேட்டுவிட்டு, ராணிப்பேட்டையில் இருக்கும் தங்கையிடம் போகிறேன் என்றார். பிறந்து வளர்ந்த ஊரை விட்டு, பேச்சுவழக்குகூடச் சரியாக வராத ஊருக்கு. கடைசி நாள் கேட் வரை நான் கூடப் போனேன். அவருடைய இடது பக்கமாக நடந்தேன்; அதற்குள் எனக்கு அது பழகிவிட்டிருந்தது.

எஸ்டேட் முக்கில் லெமன் சோடா வண்டி நிற்கும். வெயிலாக இருக்கிறது, குடிக்கலாம் என்றார். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"பையா, இஸ்மே கேஸ் நஹி ஹை."

சோடாவில் காற்றே இல்லை என்றதும் வண்டிக்காரர் ரோஷத்தோடு புதுப் புட்டியை அவர் கண்ணெதிரே உடைத்துக் கொடுத்தார். நுரை பொங்கி வழிந்தது. அதையும் குடித்தார். "இதுலயும் இல்ல" என்றார். பிறகு அப்படியே நின்றுவிட்டார். நுரையைப் பார்த்தார், கிளாஸைப் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது. வேலையில் ஏதோ பிடிபட்டுவிட்டால் அவருக்கு அந்த முகம் வரும்.

"அரே, நாக்குடா. நாக்குல இருக்கிற நொதி நின்னுடுச்சு. அதுதானே சோடாவோட சுறுசுறுப்பைக் காட்டறது. மாத்திரை அதையும் அடக்கிட்டான்." கிளாஸை என் கையில் திணித்தார். "நீ குடி. நீ ப்ளாங்க்."

குடித்தேன். காற்று மூக்கில் ஏறியது.

"சுறுசுறுன்னு இருக்கா?"

"இருக்குதுங்க."

"எனக்குச் சர்க்கரைத் தண்ணி. பார்த்தியா? இத்தனை வருஷம் டியூப்லயே பார்த்தேன், இன்னிக்குத்தான் வாயில பார்க்கறேன்." வண்டிக்காரரிடம் ஹிந்தியில், சோடா நன்றாகத்தான் இருக்கிறது, என் நாக்குத்தான் சரியில்லை என்று மன்னிப்புக் கேட்டார். நான் கிளாஸைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எனக்கு மூக்கில் ஏறியதால் கண்ணில் தண்ணீர் வருகிறது என்று நினைத்து முதுகில் தட்டிக் கொடுத்தார். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நான் அவருக்குச் சொன்ன ஒரே பொய் அது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆகுர்டியில் என் வீட்டிலிருந்து போன் செய்வேன். தங்கை பேரப்பிள்ளைகள் நடுவில் இருக்கிறார். ஊரில் ஆளுக்கொரு நாட்டு மருந்து சொல்கிறார்களாம், ஒருவரிடமும் ப்ளாங்க் இல்லையாம். கண் எப்படிங்க இருக்கு என்று கேட்டால், "ஏ நல்லா இருக்கு" என்பார். பி-யைப் பற்றி நான் கேட்பதில்லை.

லேபில் அவர் கொண்டுவந்த வழக்கம் இன்றைக்கும் இருக்கிறது. இப்போது ரீடிங் எடுப்பது ஒரு சதாராக்காரப் பெண், கெட்டிக்காரி. சரிபார்ப்பது நான்தான். போன வாரமும் ஏ, பி, சி என்று எழுதிய காகிதத்தை என் மேஜையில் வைத்தாள். பேனாவை எடுத்துவிட்டு, எப்போதும் கேட்பதைக் கேட்டேன்.

"இது யாருது?"

"சார், உங்களுக்குத் தெரியக் கூடாது சார்."

"மருந்துப் பேர் வேண்டாம்மா. இதுல மனுஷங்க யாராவது இருக்காங்களா, அது மட்டும் சொல்லு."

அவளுக்கு இது பழகிவிட்டது. ஆரம்பத்தில் சிரித்தாள், இப்போது சிரிப்பதில்லை. "டியூப்தான் சார், எல்லாமே டியூப்தான்" என்றாள்.

தாயி பார்த்தால், கேட்டுவிட்டுப் போட்ட கையெழுத்து செல்லாது என்று காகிதத்தைக் கிழித்துப் போடுவார். கிழிக்கட்டும். நான் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறேன்.